கிற்றாரின் குரல் எந்தப் பலகையில்?

நத்தார் காலத்தில் கிற்றார் ஒலிக்காத தெரு கொட்டாஞ்சேனையில் அரிது. பிள்ளைக்கு ஒன்று வாங்கப் போகும் பெற்றோர் பலரும் பின்பக்கத்தின் கருஞ்சிவப்புப் பளபளப்பைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். பார்க்க வேண்டியது முன்பக்கத்து வெளிர் பலகையை, அதாவது மேற்பலகையை.

தந்தியின் அதிர்வு அதைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக மேற்பலகையில் இறங்குகிறது. காற்றை அசைப்பது அந்தப் பலகைதான். அது எடை குறைந்ததாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ் மரத்துக்கு இரண்டும் உண்டு. ஓங்கி அடித்தாலும் ஒலி கலங்காது. சிடார் அதைவிட மென்மை. விரலால் மெல்ல மீட்டுவோருக்கு அது உடனே இசைந்து கொடுக்கும்.

பின்பலகை தோதகத்தி என்றால் ஒலி ஆழம், மகோகனி என்றால் தெளிவு என்பார்கள். ஆனால் ஸ்பெயினின் கிற்றார் செய்பவரான அன்டோனியோ டி டோரஸ் 1862இல் பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேலே நல்ல ஸ்ப்ரூஸ் பலகை பொருத்தி, ஒலி மேற்பலகையில்தான் என்று காட்டினார். 2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்மரம் மட்டும் மாறிய ஆறு கிற்றார்களை 52 கலைஞர்கள் மரம் தெரியாதபடி வாசித்தார்கள். ஒலிக்கு அவர்கள் தந்த மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றே.

ஆக, ஊதா கலந்த கபில நிறமும் கருவரிகளும் கொண்ட தோதகத்தியின் மவுசு பெரிதும் கண்ணுக்குரியது. அந்த அழகுக்கு விலை கொடுத்தது காடு. பிரேசில் தோதகத்தியின் உலக வர்த்தகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. 2017இல் அதன் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைற்றிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களித்த அந்த உடன்படிக்கையின் 2019 மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. நமது கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும் இலக்கான உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் அது ஜெனீவாவுக்கு மாறியது. விரற்பலகைக்கு உலகம் தேடும் கருங்காலியும் நமது உலர்வலயக் காட்டு மரமே. இன்று அது பாதுகாக்கப்பட்ட மரம்.

வாங்கும்போது ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலுள்ள மரவரி விளிம்பிலும் தொடர்ந்தால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுப்பலகையின் ஒலி செழுமையானது. ஆனால் நமது கடற்காற்றின் ஈரத்தில் அது உப்பும், பிரிட்ஜ் கிளம்பும். வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் சிலிக்கா பொதியோடு மூடி வையுங்கள். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் அதைப் பின்மரத்தில் போடாதீர்கள், மேற்பலகைக்குக் கொடுங்கள்.