இரண்டு கருவிகளுக்கு ஒரு பெயர் ஆகுமா?

வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பது நிலத்தை மனைகளாக அளந்து எல்லைக்கல் நாட்டுவதைப் போன்ற வேலை. கல் இடம் மாறினால் வழக்கு வரும். வட்டில் எல்லை மாறினால் அங்கிருந்த கணக்குகளே காணாமற் போகும்.

சிறு கணினிகளில் லினக்ஸ் பழகியவர்கள் இவ்வேலைக்கு ‘எஃப்டிஸ்க்’ என்னும் கருவியை அறிவார்கள். 1999 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் தன் எஸ் 390 பெருங்கணினியில் லினக்ஸ் இயங்குவதற்கான நிரல்களை வெளியிட்டது. அங்கே சென்றவர்களை எதிர்கொண்டது ‘டாஸ்டி’ எனப்படும் வேறு வகை வட்டு. அதன் முகப்பில் ஆறு எழுத்துகளுக்குள் அடங்கும் அடையாளக் குறி ஒன்று உண்டு; எல்லைகள் தனியானதோர் உள்ளடக்க அட்டவணையில் பதிவாகின்றன. லினக்ஸுக்கான வழக்கமான அமைப்பில் மூன்று பகுதிகளுக்கு மேல் பிரிக்க இயலாது. எஃப்டிஸ்க் எழுதும் பழைய அட்டவணையோ நான்கு முதன்மைப் பகுதிகளை ஏற்கும். ஆகவே டாஸ்டிக்கென்று ‘எஃப்டாஸ்டி’ என்னும் தனிக் கருவி ஏற்பட்டது.

‘பழகிய பெயரையே இதற்கும் வைத்துவிட்டால் என்ன?’ என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதே பெருங்கணினியோடு ஸ்கஸி வகை வட்டுகளும் இணைக்கப்படுவதுண்டு. அவற்றைப் பிரிக்க எஃப்டிஸ்க்தான் வேண்டும். எஃப்டாஸ்டியோ அவற்றைத் தொடவே மறுக்கும். ஒரே இடத்தில், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கவும் முடியாது. டெபியன் அமைப்பினர் இதற்கு விதியே வகுத்திருக்கிறார்கள்: வெவ்வேறு வேலை செய்யும் இரு நிரல்கள் ஒரே பெயரைக் கோரினால் ஒன்று பெயர் மாறவேண்டும், உடன்பாடு காணாவிடில் இரண்டுமே மாறவேண்டும். இரு இலாகாக்கள் ஒரே சொல்லை இரு பொருளில் ஆள, இடையே அல்லற்படும் மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்விதி பொறாமையூட்டுவது.

பெயர் பிரிந்த பின்னும் சிக்கல் முற்றும் தீரவில்லை. இரண்டு கருவிகளும் ஓரெழுத்துக் கட்டளைகளால் இயங்குபவை. ‘பி’ என்றால் அட்டவணையைக் காட்டும். ‘என்’ என்றால் புதிய பகுதி. ‘டபிள்யூ’ என்றால் எழுதி முடித்தல். இம்மட்டும் ஒற்றுமை. ‘வி’ என்றால் எஃப்டிஸ்க் அட்டவணையைச் சரிபார்க்கும். எஃப்டாஸ்டியோ வட்டின் அடையாளக் குறியை மாற்ற முற்படும்! பெருங்கணினிக்கே உரிய இஸட் ஓ.எஸ். அமைப்பு அக்குறியைக் கொண்டே வட்டைத் தேடுகிறது. அதனோடு பகிர்ந்துகொள்ளும் வட்டில் குறி மாறினால், கோப்பு இருந்தும் இல்லாததாகிவிடும். நல்லவேளையாக, ‘டபிள்யூ’ கொடுக்கும்வரை எதுவும் வட்டில் ஏறாது. ‘க்யூ’ கொடுத்து மீண்டுவிடலாம்.

வட்டின் பெயரிலும் கவனம் தேவை. ‘டாஸ்டா’, ‘டாஸ்ட்பி’ என்பவை வட்டுகள் கண்டறியப்பட்ட வரிசையில் இடப்படும் பெயர்கள். மறுமுறை இயக்கும்போது வரிசை மாறக்கூடும். 0.0.0200 என்பது போன்ற சாதன எண்ணோ அவ்வாறு வரிசையைப் பொறுத்ததன்று. எனவே முதலில் ‘எல்எஸ்டாஸ்டி’ கட்டளையால் எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகே பிரிக்கும் கருவியை அழைக்கவேண்டும்.