கப்பித்தானும் காவல் நிலையமும்

பினாங்கில் போலீஸ் வேரூன்றும் முன்பே ஊர்க்காவல் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சமூகத்துக்கு ஒரு தலைவரை நியமித்து, சிறு வழக்குகளையும் ஒழுங்கையும் அவரிடம் ஒப்படைத்தது. அவர்தான் கப்பித்தான். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீன் அத்தகைய ஒருவர். ஜார்ஜ்டவுனில் 1801-இல் உருவான பள்ளிவாசலும் அதையொட்டிய சாலையும் இன்றும் அந்தப் பதவியின் பெயரையே தாங்குகின்றன. வழக்கோடு வந்தவரின் மொழியும் குடும்பமும் கப்பித்தானுக்குத் தெரியும். ஆனால் தம் சமூகத்தைத் தாண்டினால் அவர் சொல் எடுபடாது.

1807 மார்ச் 25-இல் பினாங்குக்கு நீதிப் பட்டயம் வழங்கப்பட்டது. மலேசியக் காவல் துறை அந்த நாளையே போலீஸ் தினமாகக் கொண்டாடுகிறது. சட்டம் வந்த வேகத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆபத்து என்றால் மக்கள் தங்கள் சங்கத்தைத்தான் நாடினார்கள். 1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பெ கோங் என்ற சீனச் சங்கங்கள் மோதின. மலாய், தமிழ் முஸ்லிம்கள் இருந்த வெண்கொடி, செங்கொடிக் கூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. கப்பித்தான் பள்ளிவாசல் சாலைக்கு அருகிலுள்ள ஆர்மீனியன் தெரு வட்டாரம் சுமார் பத்து நாள் போர்க்களமானது. பிறகு நான்கு தரப்புக்கும் தலா 5,000 டாலர் அபராதம் விதித்து, அந்தப் பணத்தில் காவல் நிலையங்களைக் கட்டினார்கள். கட்டடம் எழுந்தது, உள்ளே துணிந்து நுழையும் மனநிலையை அபராதத்தால் கட்ட முடியாது.

அந்தத் தயக்கம் மலேசியத் தமிழர்களிடம் இன்றும் உண்டு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் குகன் என்ற இளைஞர் தடுப்புக் காவலில் இறந்தது அதை ஆழமாக்கியது. 2013-இல் உயர் நீதிமன்றம் காவல் துறையும் அரசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க ஆணையிட்டது. குகனின் தாய் நீதிமன்றப் படியேறிப் போராடியே இதைப் பெற முடிந்தது என்பது வேதனைக்குரியது.

போலீஸ் மீதான இத்தகைய புகார்களைத் தீர்க்கும் வழி முன்பே சொல்லப்பட்டிருந்தது. துன் முகமது சைதின் தலைமையிலான அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளை அளித்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரித்து நடவடிக்கையும் எடுக்கும் சுதந்திர ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. காவல் துறைக்குள் எதிர்ப்பு எழ, ஆண்டுகள் ஓடின. போலீஸ் நடத்தை குறித்த தனி ஆணையம் 2023 ஜூலை 1-இல்தான் செயலுக்கு வந்தது. அது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. அந்த அதிகாரத்தையும் நாடாளுமன்றம் அதற்குத் தர வேண்டும்.