உஷார்! மூச்சை எண்ணாமல் எழுதாதீர்கள்

தாதிமைப் பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் தொங்கும் அட்டையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் 18, 20, 18, 20 என்றே வரிசையாக விழுந்திருக்கிறதா? நிமோனியா வந்தவருக்கும் கால் முறிந்தவருக்கும் ஒரே கணக்கில் மூச்சு ஓடாது. அங்கே யாரும் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம். ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் மூன்றையும் மெஷின் சொல்லிவிடுகிறது. சாதாரண வார்டில் மூச்சை மட்டும் மனிதர்தான் எண்ண வேண்டும். எண்ண ஒரு நிமிடம் ஆகும் என்பதால் கை தானாக 20 என்று எழுதிவிடுகிறது.

ஆபத்து முதலில் தெரியும் இடமே அதுதான். கிருமி ரத்தத்தில் பரவினாலும், இனிப்புநீர் முற்றி ரத்தம் அமிலமானாலும், உடம்பு அந்த அமிலத்தை வெளியேற்ற வேகமாக மூச்சு விடத் தொடங்கும். ரத்த அழுத்தத்தை அது வெகுநேரம் தாக்குப்பிடித்து வைத்திருக்கும். அழுத்தம் சரிவதைப் பார்த்து நீங்கள் ஓடும்போது பொழுது கடந்திருக்கும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் 12 முதல் 20 வரை இயல்பு. 21ஐத் தொட்டாலே 2 மதிப்பெண். 25ஐத் தொட்டால் 3. அந்த ஒரு 3 போதும், உடனே மருத்துவரை அழைக்க. 26 ஓடுகிற மூச்சை 20 என்று எழுதுகிறவர் அந்த அழைப்பையே அழித்துவிடுகிறார். இதை நான் சின்னத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைக் கவனித்து முழு 60 வினாடி எண்ணுங்கள். எண்ணப்போகிறேன் என்று சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு மாறிவிடும். போர்வையை விலக்குங்கள். கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு முட்டுகிறதா என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேராக்கில் இதை ஏன் இத்தனை பதற்றத்தோடு சொல்கிறேன்? சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் நம் பெரியவர்களை நினைத்துத்தான். காய்ச்சலோடு பால் வெட்டப் போன தலைமுறை அது. வலியைச் சொல்லிப் பழகாதவர்கள். தோட்டம் செம்பனையாகி, தாமான் வீடுகளாகிவிட்டாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "ஒன்னும் இல்ல மிஸி, கொஞ்சம் அசதி, கேஸ்ட்ரிக்தான்" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு நகராதீர்கள்! 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இனிப்புநீர் நரம்பைக் கெடுத்தவருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வியர்வையும் நெஞ்சுக்குழி எரிச்சலும் இனம் தெரியாத அசதியும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் "கேஸ்ட்ரிக்" என்றால் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காலுறையையும் கழற்றிப் பாருங்கள். விரலிடுக்கில் புண் அழுகிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கும்.

அடுத்தது விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி. 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய வேளையில் ரத்தத்தை எடுத்துச் சோதித்தால், கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காட்டில் உண்மையான ஆக்சிஜன் 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் அது 3.6 விழுக்காடுதான். அடர்ந்த தோல் நிறம் கருவியை ஏமாற்றக்கூடும் என்றால் நம் தோட்டத்து மக்களிடமும் அந்த எச்சரிக்கை வேண்டும். 94 என்று காட்டுகிறது, ஆனால் ஆள் திணறுகிறார் என்றால் ஆளை நம்புங்கள். பாடநூல் படங்களில் உதடு நீலம் பாய்வதும் தோல் மஞ்சளாவதும் பெரும்பாலும் வெளுத்த தோலில்தான் காட்டப்படுகின்றன. நம்மவர்களிடம் நீலத்தை நாக்கிலும் வாயின் உட்புறத்திலும் தேடுங்கள். ரத்தசோகையைக் கீழிமையின் உட்புறத்திலும் உள்ளங்கை ரேகையிலும் பாருங்கள். மஞ்சளைப் பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையில் பாருங்கள். குழல்விளக்கில் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

டிங்கி இன்னும் மோசமான ஏமாற்று. காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் முகம் மலர்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். மெஷின் 100/80 என்று காட்டும். மேல் எண் 100 இருக்கிறதே என்று திருப்தி அடைந்தால் போச்சு. இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 20ஆகச் சுருங்கியிருப்பது அதிர்ச்சி நிலையின் அடையாளம். மலேசிய டிங்கி சிகிச்சை வழிகாட்டி இதற்காகவே ஒரு பரிசோதனையைச் சொல்லித்தருகிறது: நோயாளியின் கையைப் பிடியுங்கள். நிறம் எப்படி, நகத்தை அமுக்கி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, கை சில்லிட்டிருக்கிறதா, நாடி நிறைந்து அடிக்கிறதா, எத்தனை வேகம். ஐந்தும் ஒரே பிடியில், அரை நிமிடத்தில். ஒரு காசு செலவில்லை. கை சில்லிட்டு, வயிறு வலித்து, வாந்தி நிற்காதவரைக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்ப நீங்கள் உடந்தையாக இருக்கக்கூடாது.

படுக்கையருகே பார்ப்பதன் மதிப்பை பேராக் நேரடியாகக் கண்டிருக்கிறது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு வேலை செய்த வயதுவந்த ஆண்கள். ஜப்பானிய வகை அதிகம் தாக்குவது பிள்ளைகளை. தசை துடித்துத் துள்ளியது. முட்டியில் தட்டினால் கால் அசையவில்லை. வியாதி பாடத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதை நோயாளியின் உடம்பே சொன்னது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புது வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் நிப்பா. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது. மொத்தம் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொண்டுபோனது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் உங்கள் ஆளுக்கு மூச்சு வேகமாக ஓடுவதாகத் தோன்றினால், நீங்களே ஒரு நிமிடம் எண்ணித் தாதியிடம் எண்ணைச் சொல்லுங்கள். 25ஐத் தொட்டாலே விடாமல் சொல்லுங்கள். பயிற்சித் தாதியரே, வினாடி முள் உள்ள கைக்கடிகாரத்தோடு வேலைக்குப் போங்கள். எண்ண நேரம் கிடைக்கவில்லையா? கட்டத்தைக் காலியாக விட்டு, எண்ணவில்லை என்று மூத்த தாதியிடம் சொல்லிவிடுங்கள். பொய்யாக 20 மட்டும் எழுதாதீர்கள்.