பாவித்த விதைகருவி வாங்குமுன்

இடம்பெயர்ந்து வந்து மீண்டும் தோட்டம் தொடங்கும் குடும்பத்துக்கு விதையும் ஒரு முதல். ஆகவே வரிசையில் விதை போடும் பாவித்த தள்ளுகருவி ஒன்றைப் பார்க்கப் போகும்போது, நாம் விதைக்கவிருக்கும் விதையில் ஒரு சுண்டும் கொண்டு போவோம். கறளை மறைத்த புதுப் பூச்சு எம்மை ஏமாற்றலாம், விதை ஏமாற்றாது.

முதலில் சில்லின் சுற்றளவைக் கயிற்றால் அளப்போம். பின்பு பெட்டியில் விதையை இட்டு, கருவியைத் தூக்கிப் பிடித்து, சில்லைப் பத்துத் தரம் சுற்றி, விழும் விதைகளைச் சாக்கில் ஏந்தி எண்ணுவோம். சுற்றளவு 1 மீற்றர் எனில் 10 சுற்று 10 மீற்றர். குழிக்கு ஒரு விதை வீதம், 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் சோளத்துக்கு ஏறக்குறைய 33 விதையும், 15 சென்ரிமீற்றரில் நிலக்கடலைக்கு 66 விதையும் விழவேண்டும்.

எண்ணிக்கை பெரிதும் மாறினால் அந்த விதைக்கேற்ற வேறு தட்டு உண்டா எனக் கேட்போம். உடைந்த விதை முளைக்காது. பல விதைகள் உடைந்து விழுந்தால் அக்கருவி வேண்டாம். சால் கீறும் கொழு தேய்ந்திருந்தால் ஊர்க் கொல்லர் சரிசெய்து தருவார். விதைத்தட்டு உடைந்து, மாற்றுத் தட்டும் கிடையாவிட்டால் அது பழைய இரும்புதான்.

கருவியின் பிழையை விதைப்பு நாளில் கண்டால் முதல் மழையும் போய்விடும். எண்ணிப் பார்த்த பின்பே விலை பேசுவோம்.