கத்திமுனை முகட்டிலே

வேல்ஸ் நாட்டின் வடமேற்கிலே எரீரி என்னும் மலைநாடு உள்ளது. ஸ்னோடோனியா என்ற ஆங்கிலப் பெயரினாலேயே உலகம் அதனை நெடுங்காலம் அறிந்திருந்தது. 2022 ஆம் ஆண்டிலே அங்குள்ள தேசியப் பூங்காச் சபை நாட்டுமொழிப் பெயருக்கே முதலிடம் அளித்தது. அம்மலைநாட்டிலே கிரீப் கோஹ் என ஒரு முகடு உண்டு. செம்முகடு என்பது அதன் பொருள். உயரம் 3,028 அடிதான். 7,359 அடி உயரமான சிவனொளிபாத மலையிற் படியேறி மீண்ட நேயர்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆயினும், மலையின் கடுமையை அடிக்கணக்கு முற்றாகக் காட்டிவிடுவதில்லை. இங்கே படிகளும் இல்லை. பற்றிச் செல்லக் கம்பியும் இல்லை.

இம்முகட்டை இவ்வாறு செதுக்கியது பனிக்கட்டி. 10,000 ஆண்டுகளுக்கும் முன்னர், மலையின் இரு புறத்தும் பனியாறுகள் கிண்ணம் போன்ற பள்ளங்களை அகழ்ந்தன. இரு பள்ளங்களும் அகன்று அகன்று ஒன்றையொன்று நெருங்கவே, இடையில் ஒரு மெல்லிய கற்சுவர் மாத்திரம் எஞ்சிற்று. அச்சுவரின் தலையிலேதான் மனிதர் நடக்கின்றனர்.

நடை, ஏறக்குறைய 1,180 அடி உயரத்திலுள்ள பென்-இ-பாஸ் என்னும் கணவாயிலே தொடங்கும். 1953 இல் எவரெஸ்ட் சிகரத்தை வென்ற பிரித்தானியக் குழுவினர் பயிற்சிக்காலத்தில் தங்கிய பழைய விடுதி இதற்கு அண்மையிலேயே இருக்கிறது. அவர்கள் இட்ட கையொப்பங்களை அவ்விடுதியின் உட்கூரையில் இன்றும் காணலாம். ஆனால் இன்று இங்கு வருவோரிற் பலர் எவரெஸ்டைக் கனவிலும் கருதாதவர்கள். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு சிறு குழுவாக வரும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தாதியருமே.

வழிகாட்டியின் தொழில் பாறையைத் தொட்ட பின்னர் தொடங்குவதன்று. அவர் முதல்நாளே வானிலை அறிக்கையை ஆராய்வார். மழையைவிடக் காற்றுக்கே அவர் அதிகம் அஞ்சுவார். நனைந்த பாறையில் நிதானித்து நடக்கலாம், சுழன்றடிக்கும் காற்றிலே நிற்பதற்கே இடமில்லை. மேலும், முதல் ஒரு மணி நேரம் எளிய பாதையிற் செல்லும்போது அவர் பேச்சுக் கொடுத்தபடியே ஒவ்வொருவருடைய காலையும் கவனிப்பார். யார் கல்லைப் பார்த்து மிதிக்கிறார், யார் வீம்புக்காக முந்துகிறார், யார் வாய்திறவாமல் வெளிறிப்போகிறார் என்பன அவருக்கு வேண்டிய செய்திகள்.

பன்றிகளின் கணவாய் எனப் பொருள்படும் புல்ஹ் அ மோஹ் என்னுமிடத்தில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கத்துப் பிக் பாதை, செங்குத்துப் பாறைகளைத் தவிர்த்து உச்சிக்குச் செல்வது. வலப்பக்கத்தது கிரீப் கோஹ். அந்நாளின் தலையாய தீர்ப்பு இங்கேயே அளிக்கப்படுகிறது. ஏனெனில் முகட்டின்மீது ஏறிய பின்னர், பாதுகாப்பாக இறங்குவதற்கு இடைவழிகள் அரிது. வழிதவறி இம்முகட்டில் ஏறி, முன்செல்லவும் பின்வரவும் இயலாது சிக்கியோரை, தொண்டர்களான லான்பெரிஸ் மீட்புக் குழுவினர் பலமுறை காப்பாற்றியுள்ளனர். குழுவில் ஒருவர் தயங்கினால், அவர் நாணாதபடி அனைவரையும் பிக் பாதையில் அழைத்துச் செல்வதும் வழிகாட்டியின் திறமையே. பணம் கொடுத்து வந்தோரிடம் "இன்று வேண்டாம்" என்று சொல்வதற்குப் பாறையேறுவதைக் காட்டிலும் துணிவு வேண்டும்.

ஏறுவோர் கையையும் காலையும் ஒருங்கே பயன்படுத்துவர். நான்கு உறுப்புக்களில் மூன்று எப்போதும் பாறையிற் பதிந்திருக்க, நான்காவதே அடுத்த பிடியை நாடவேண்டும். பிடித்த கல் அசைகிறதா எனத் தட்டிப் பார்த்த பின்பே உடற்பாரத்தை அதிலே வைக்கலாம். முகட்டின் வடபுறம் செங்குத்தான வீழ்ச்சி. ஆகையால் பலர் தென்புறத்தே சற்றுக் கீழே காலூன்றி, முகட்டின் விளிம்பையே கைப்பிடிச் சுவராகப் பற்றி நகர்வர். சிலர் குதிரைமேல் அமர்ந்தாற்போல இருபுறமும் காலிட்டுத் தவழ்வதும் உண்டு. அதில் இழிவு ஒன்றுமில்லை.

அச்சத்தால் ஒருவர் உறைந்து நின்றுவிட்டால், வழிகாட்டி அவரைக் குறுங்கயிற்றாற் பிணைத்துக்கொள்வார். இக்கயிறு நெடுந்தூரம் வீழ்பவரைத் தாங்குவதற்கன்று; சறுக்கும் கணத்திலேயே இழுத்து நிறுத்துவதற்கு. வழிகாட்டியின் கால் உறுதியாக ஊன்றாவிடின் இருவரும் வீழ்வர். இதனாலேயே பிரித்தானியாவில் மலைநடைக் குழுத் தலைவருக்குரிய சாதாரணத் தகுதிப் பத்திரம், கயிற்றைப் பயன்படுத்தத் திட்டமிட்ட ஏற்றங்களுக்குச் செல்லாது. மலையேற்றப் போதனாசிரியரின் உயர்தகுதி வேண்டும்.

விளிம்பைக் கடந்தாற் கற்கோபுரங்கள்; அவற்றையும் தாண்டினால் 3,560 அடி உயரமான அர் வித்வா. அங்கே குழு சோர்ந்திருந்தால் நேர்வழியே இறங்குவர். வலுவிருந்தால் லிவெத் என்னும் மற்றொரு முகட்டின்மீது சென்று, ஏறக்குறைய ஏழு மைற் சுற்றை முடிப்பர். இதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரமாகும். களைத்த கால்கள் தடுமாறுவது இறக்கத்திலேதான். ஆதலால் வழிகாட்டி அப்போதும் வாய் ஓயமாட்டார். கீழே லிதாவ் ஏரியின் கரையிலே, செப்புச் சுரங்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த அகன்ற பாதை வந்து சேர்கிறது. அங்கே வந்த பின்னரே அவர் தம் கயிற்றைச் சுருட்டிப் பையிலே வைப்பார்.