நின்ற மூச்சை நடத்துவது

பெரிய அறுவைகளுக்குக் கொடுக்கப்படும் மயக்கத்தில் தூக்கம் ஒரு பகுதிதான். வயிற்றையோ மார்பையோ திறக்கும்போது தசைகள் விறைத்து நின்றால் கத்தி வேலை செய்யாது. அதனால் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. அது உள்ளே போன சில நிமிடங்களில் கைகால்களோடு உதரவிதானமும் செயலற்றுப்போகும், மூச்சு நின்றுவிடும். அதிலிருந்து அறுவை முடியும்வரை நோயாளிக்காக மூச்சு விடுவது மயக்க மருந்து டாக்டரின் பொறுப்பு. தூங்கவைக்க ஊசி போடுபவர் என்ற அளவிலேயே ஊர் அவரை அறிந்திருக்கிறது. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் அவருடைய கைத்திறன் தியேட்டருக்கு வெளியேயும் வேண்டியிருக்கிறது. நெல்லுக்கும் வாழைக்கும் அடிக்கும் சில பூச்சிமருந்துகளும், வரப்போரத்துப் பாம்புகள் சிலவற்றின் நஞ்சும் இந்தத் தளர்த்தி மருந்து வேலை செய்யும் அதே இடத்தைத்தான் தாக்குகின்றன.

அந்த இடம் நரம்பும் தசையும் சந்திக்கும் முனை. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டுத் தசையின் ஏற்பிகளில் பட்டதும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனே சிதைத்துவிடுகிறது. தியேட்டரில் பயன்படும் வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்ற மருந்துகள் ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன. நல்ல பாம்பின் நஞ்சும் அதையே செய்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு இன்னும் பின்னால் போய் நரம்பின் நுனியையே சேதப்படுத்துகிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் நொதியை முடக்குகின்றன. அசிட்டைல்கோலின் தேங்கி, தசை முதலில் துடித்து, பிறகு சோர்ந்துபோகிறது. வழி எதுவானாலும் கடைசியில் மூச்சு நிற்கும். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய குராரே என்ற நஞ்சை 1942-இல் மான்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் அறுவை மயக்கத்துக்குப் பயன்படுத்திய பிறகே இந்த முடக்கம் தியேட்டரில் வழக்கமாயிற்று.

மூச்சை நிறுத்துவதற்கு முன் சேமிப்பு வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிச்சமிருக்கும். அதில் பெரும்பகுதி நைட்ரஜன். உடலோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மி.லி. ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, வெறும் காற்றை மூச்சிழுத்தவருக்கு இருப்பு ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆகவே மயக்கத்துக்கு முன் மூன்று நிமிடம் முகமூடி வழியே தூய ஆக்சிஜன் தரப்படுகிறது. மறுநாள் தண்ணீர் வராது என்று தெரிந்து குடங்களை நிரப்பிவைப்பதுபோலத்தான் இதுவும். நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தில் ஆக்சிஜன் நிறைவதால், ஆரோக்கியமான பெரியவருக்கு எட்டு நிமிடம் வரைகூட அவகாசம் கிடைக்கும். பருத்தவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோருக்கு இது வெகுவாகக் குறையும். மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்திக்கொண்டே இருந்தால் அவகாசத்தை நீட்டலாம் என்று லண்டனில் 25 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூச்சுவழி சிக்கலாக இருந்த அவர்களுக்கு மூச்சில்லாமல் கிடைத்த நேரத்தின் இடைநிலை அளவு 14 நிமிடம்.

அந்த அவகாசத்துக்குள் வாய் வழியே லாரிங்கோஸ்கோப்பை நுழைத்து, நாக்கை ஒதுக்கி, குரல்நாண்களைக் கண்ணால் பார்த்து, அவற்றின் நடுவே மூச்சுக்குழாயில் ட்யூபைச் செலுத்த வேண்டும். ராபர்ட் மேக்கின்டாஷ் 1943-இல் அறிமுகப்படுத்திய வளைந்த தகடுதான் இன்றும் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் கைக்கு வருவது. கேமரா பொருத்தியவை அதற்கு அருகே இடம்பிடித்து வருகின்றன. ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு நம்பகமான சான்று வெளிமூச்சில் வரும் கார்பன் டைஆக்சைடு. உணவுக்குழாயில் போயிருந்தால் திரையில் அந்த வாயுவைக் காட்டும் அலை நிலைத்து வராது. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

எவருக்கு ட்யூப் போடுவது கடினம் என்று முன்கூட்டியே அறிய உலகம் முழுவதும் செய்யப்படும் எளிய சோதனைக்கு ஆந்திரக்காரர் ஒருவரின் பெயர் வழங்குகிறது. குண்டூரில் மருத்துவம் படித்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி, வாயைத் திறந்து நாக்கை நீட்டும்போது தொண்டையில் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைக் கொண்டு 210 நோயாளிகளை வகைப்படுத்தி 1985-இல் எழுதினார். கருவியும் செலவும் வேண்டாத சோதனை என்பதால் பரவியது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. தமிழ்நாட்டு வார்டுகளில் சிக்கலை அறிவிக்கும் அடையாளங்கள் வேறு சில உண்டு. பாக்கும் பான்மசாலாவும் வருடக்கணக்கில் மென்று இரண்டு விரல்கூட நுழையாதபடி வாய் இறுகிப்போனவர்கள், தீக்காயம் ஆறித் தாடை மார்போடு ஒட்டிக்கொண்டவர்கள். இவர்களை முதலில் மயக்கிவிட்டுப் பிறகு வழி தேடுவது ஆபத்து. விழித்திருக்கும்போதே மூக்கை மரத்துப்போகச் செய்து, வளையும் ஃபைபர் ஆப்டிக் கருவியின் மேல் ட்யூபை ஏற்றி உள்ளே கொண்டுபோவதே நிதானமான வழி.

எதிர்பாராமல் சிக்கல் வந்தால் செய்ய வேண்டியதை அகில இந்திய கடின மூச்சுவழிச் சங்கம் 2016-இல் நெறிமுறையாக வெளியிட்டது. ட்யூபோடு மல்லுக்கட்டுவது எத்தனை முறை என்பதற்கு அதில் எல்லை உண்டு: மூன்றுக்கு மேல் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் முயற்சியை விட்டுவிட்டு முகமூடியால் மூச்சுக் கொடுக்க வேண்டும். அடுத்தது குரல்வளையின் மேல் அமரும் லாரிஞ்சியல் மாஸ்க். இங்கிலாந்தில் ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கத் தொடங்கியது அது. எல்லாம் தோற்றால் கழுத்தின் முன்புறம் குரல்நாண்களுக்குக் கீழுள்ள சவ்வைத் திறந்து வழி செய்ய வேண்டும். திறமைசாலி என்று பெயர் எடுத்தவரே நான்காவது முறையும் முயன்று பார்க்க ஆசைப்படுவார். நெறிமுறை எழுதப்பட்டதே அந்த ஆசையைத் தடுக்கத்தான்.

அவசரத்தில் ட்யூப் போடப் பயன்படும் சக்சினைல்கோலின் ஒரு நிமிடத்தில் தசையைத் தளர்த்தி, பத்து நிமிடத்துக்குள் தானே விலகிவிடும். ரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் நொதி அதைச் சிதைப்பதால்தான் இந்த வேகம். ஆனால் வைசிய சமூகத்தார் சிலருக்கு இதே மருந்தால் மூச்சு மணிக்கணக்கில் திரும்புவதில்லை. அவர்களிடம் அந்த நொதியைப் பழுதாக்கும் மரபணு மாற்றத்தை கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதி குழுவினர் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டறிந்து 2006-இல் வெளியிட்டனர். மருந்து தானாக இறங்கும்வரை தூக்கத்திலேயே வைத்து வென்டிலேட்டரில் மூச்சுக் கொடுத்தால் நோயாளிக்கு ஒரு குறையும் வராது. பூச்சிமருந்து பாதித்தவருக்கும் இந்த நொதி முடங்கியிருப்பதால், அவருக்கு சக்சினைல்கோலினைத் தவிர்க்கவே பார்ப்பார்கள்.

பூச்சிமருந்து நச்சின் ஒரு வஞ்சகத்தை இலங்கை மருத்துவர்கள் விளக்கினார்கள். நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவும் மயக்கவியல் மருத்துவர் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987-இல் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினர். வியர்வை, எச்சில், துடிப்பு எல்லாம் அட்ரோபின் என்ற மாற்று மருந்தில் அடங்கி, பிழைத்துவிட்டார் என்று நினைத்திருக்கும் வேளையில், 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோர்ந்துபோகின்றன. இதற்கு அட்ரோபின் உதவாது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது முதல் அறிகுறி. அதைக் கவனித்து நேரத்தோடு வென்டிலேட்டரில் சேர்த்தால் பல நாள் கழித்தாவது மூச்சு திரும்பும்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. விடிந்ததும் வயிற்றுவலி, பிறகு இமைகள் சரிவது, பேச்சுக் குழறுவது. நல்ல பாம்புக் கடிக்கு நியோஸ்டிக்மைன் கைகொடுக்கும். அறுவை முடிந்ததும் தளர்த்தி மருந்தை விலக்க மயக்க மருந்து டாக்டர்கள் அன்றாடம் போடும் ஊசி அது. கட்டுவிரியனுக்கு அது அவ்வளவாகப் பலிக்காது. சேதமான நரம்பு நுனி மீண்டும் வளர வேண்டும், விஷமுறிவு மருந்தாலும் அதை உடனே சரிசெய்ய இயலாது. கண்மணிகூட அசையாத அந்த நோயாளியை மூளைச்சாவு அடைந்தவர் என்று தவறாக எண்ணிவிடும் அபாயம் உண்டு. உண்மையில் அவர் சுற்றிலும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். பாளையங்கோட்டையில் 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, பாசனப் பகுதியில் உள்ள அம்பாசமுத்திரத்திலிருந்து சுமார் 35 கி.மீ. மூச்சு குறைந்துகொண்டிருப்பவருக்கு வழியில் வேண்டியது விலையுயர்ந்த கருவி அல்ல. முகமூடியோடு ஆம்பு பையும், அதை விடாமல் அழுத்தத் தெரிந்த கையும் போதும்.

கையால் மூச்சுக் கொடுத்தே உயிர் காக்கலாம் என்று 1952-இல் கோபன்ஹேகனில் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் நிரூபித்தார். போலியோவால் மூச்சு முடங்கியவர்களின் கழுத்தில் இடப்பட்ட துளை வழியே, ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்துப் பையை அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யூ. அங்கிருந்து வளர்ந்தது. பின்னாளில் இயந்திரம் வந்ததும் தாராளமாகக் காற்றைச் செலுத்துவதே நல்லது என்று நம்பப்பட்டது. அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. அழற்சியால் இறுகிய நுரையீரலுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள்; 6 மி.லி. கொடுத்தவர்களில் 31 விழுக்காடு. இந்தக் கிலோ தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தைக்கொண்டு கணக்கிடுவது. 165 செ.மீ. உயர ஆணுக்குக் கணக்கெடை 61 கிலோ சொச்சம், ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 370 மி.லி. தொப்பை வளர்ந்தாலும் நுரையீரல் வளர்வதில்லை.

ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொதுமக்கள் யோசித்தது 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போதுதான். மூக்கு வழியே உயர்வேகத்தில் கொடுக்கும்போது நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரிந்தாலும் அந்த வேகத்தில் கால் மணி நேரம்கூட வராது. திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு முனையில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் ராக்கெட் எஞ்சின் சோதனைக்குப் பயன்படுத்தும் திரவ ஆக்சிஜனை அந்த மாதங்களில் தமிழ்நாட்டு, கேரள மருத்துவமனைகளுக்கு அனுப்பியது.

அறுவை முடிந்தபின் ட்யூபை எடுப்பதும் போடுவதற்குச் சளைத்த வேலையல்ல. தளர்த்தி மருந்தின் மிச்சம் இருந்தால் மூச்சு வருவதுபோல் வந்து வார்டுக்குப் போனபின் மங்கும். தலையை உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்தச் சொல்வது பழைய சோதனை; மிச்சம் இருக்கும்போதே அதில் தேறிவிடுபவர்கள் உண்டு. எனவே மணிக்கட்டு நரம்பில் நான்கு மின்தூண்டல் கொடுத்து, நான்காவது அசைவு முதல் அசைவின் 90 விழுக்காட்டை எட்டுகிறதா என்று கருவியால் அளந்த பிறகே இப்போது ட்யூபை எடுக்கச் சொல்கிறார்கள்.