விடுதி அறையில் காற்று

கொரோனாக் காலத்தில் கல்லூரிகளை மீண்டும் திறக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2020 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டது. ஒரே நேரத்தில் பாதி மாணவர்களுக்கு மேல் கூடாது. விடுதி அறையைப் பகிரக் கூடாது. நோயில்லை என்ற சான்றுடன் வந்தாலும் 14 நாள் தனிமை என்றது. சான்று இருந்துமா என்று குறைப்பட்டவர்கள் உண்டு. தொற்றியது பரிசோதனையில் தெரியச் சில நாளாகும்; தவிர, சான்று வாங்கிய பிறகுதானே பிள்ளை இரண்டு ராத்திரி ரயிலில் வருகிறான்!

அந்தக் கெடுபிடிகள் போயின. காற்றோட்டம் மட்டும் என்றைக்கும் வேண்டியது. ஃப்ளூவும் மூச்சுக்காற்றில் பரவுவதுதான். மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றும். சாதாரண ஸ்பிளிட் ஏ.சி.யும் அப்படியே. எதிரெதிரே ஜன்னலும் கதவும் திறந்தால்தான் காற்று மாறும். வடக்கே டிசம்பர் குளிரில் பிள்ளைகள் எல்லாவற்றையும் அடைத்துக்கொள்வார்கள். விடுதியில் சேர்க்கும்போது கட்டில், அலமாரியோடு ஜன்னல் திறக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் பெயின்ட் அடித்தே ஒட்டிப்போயிருக்கும்.